சுகுணா அக்காவின் வண்டியில் எரிந்த மஞ்சள் விளக்கு

"தம்பி, மறுபடியும் எரியுது. அந்த டப்பாவ எடுத்துட்டு வந்துருங்க."

சுகுணா அக்கா போனில் சொன்ன அந்த டப்பா என்னுடைய ஸ்கேனர். வண்டிகள் மீது எனக்குப் பைத்தியம். ஸ்டியரிங்கின் அடியில் அதைச் செருகினால் என்ஜின் தன் நோயைச் செல்போனில் சொல்லிவிடும். நோயைத்தான் சொல்லும். அது ஏன் வந்தது என்று சொல்லாது. அந்த 'ஏன்' என்பதை அக்கா கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு ஊர் ஏரியூர் பக்கம். தாய் வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர். கணவர் அருள்குமார் பெங்களூரில் கட்டட வேலை. பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி அக்கா வாடகைக்கு ஓட்டுகிறார். தக்காளி ஏற்றுவார், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுவார். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வண்டி எங்கள் ஊர் ராஜாமணி மாமாவுக்கு மட்டும்தான். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

பிரச்சினை மார்கழிக் கடைசியில் ஆரம்பித்தது. மீட்டர் பக்கத்தில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டி திக்கித் திக்கி ஓடும். ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மேட்டில் அப்படியே நின்றுவிட்டது. மாமா உச்சி வெயிலில் ஒரு புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். விஷயம் ஓசூரில் இருக்கும் மகள் ரேவதிக்குப் போனது.

"ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வர்றேன். வண்டி சரியா இருந்தா பாக்கலாம். இல்லன்னா அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டார் ரேவதி. மாமாவின் மனைவி ஜானகியம்மாளுக்கு இடுப்பு எலும்பு உடைந்து நடமாட்டம் இல்லை. ஓசூரில் ரேவதி இருப்பது மூன்றாவது மாடி. மாமா மட்டும்தான் போக முடியும்.

"இத்தன வருசத்துக்கு அப்புறம் ஆளுக்கொரு ஊரா?" என்று மாமா கேட்டார். அக்கா போய் வண்டியின் பானட்டைத் திறந்தார்.

ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் ஒன்றையேதான் காட்டியது. ஆக்சிஜன் சென்சார். புகைக் குழாயில் திருகியிருக்கும் சின்னப் பொருள் அது. புகையை மோப்பம் பிடித்து, பெட்ரோல் கூடுதலா குறைச்சலா என்று என்ஜினுக்குச் சொல்லும். பென்னாகரம் மெக்கானிக் கிருஷ்ணப்பன் நல்ல வேலைக்காரர். சென்சாரைப் புதிதாகவே மாற்றினார். நான்கு நாள் எரியவில்லை. பிறகு எரிந்தது.

அப்போது அக்கா சொன்னார்: "தம்பி, எங்க மாட்டுப் பாலு ஒருதரம் கசந்துச்சு. ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. நான் தீவனத்துல ஒவ்வொன்னா நிறுத்திப் பாத்தேன். ரெண்ட ஒன்னா மாத்துனா எது காரணம்னு தெரியாம போயிரும். இதையும் அப்படியே பாப்போம்."

பார்த்தார். முதலில் பெட்ரோல் பங்கை மட்டும் மாற்றினார். விளக்கு எரிந்தது. ஆள் ஏற்றாமல் காலியாக ஓட்டினார். எரிந்தது. மேடே இல்லாத ரோட்டில் ஓட்டினார். எரியவில்லை! மேடுதான் காரணம் என்று நான் குதித்தேன். "இருங்க தம்பி, ரோடும் சேந்து மாறிருச்சே" என்றார். வேறொரு மேட்டில் தக்காளி லோடோடு ஏற்றிப் பார்த்தார். எரியவில்லை. பிறகு சுற்று வழியாகத் தர்மபுரி போய் வந்தார். அப்போதும் எரியவில்லை.

"அப்ப நாம வழக்கமா போற அந்த ரோடுதான்" என்றார் அக்கா.

ரோட்டுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்று வழியிலேயே போகலாம் என்றால் அது முழுக்கப் பள்ளம். டயாலிசிஸ் முடிந்த உடம்பு அந்தக் குலுக்கலைத் தாங்காது. போதாததற்கு, விளக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் எரிந்தது. கோளாறு உறுதியான பிறகுதான் வண்டியின் கம்ப்யூட்டர் விளக்கைப் போடும் என்று மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன்.

"அப்படீன்னா எரியற எடத்த வுட்டுட்டு, அதுக்கு முன்னாடி பாக்கணும்" என்றார் அக்கா.

வியாழக்கிழமை இருவரும் அந்த ரோட்டில் போனோம். அறுவடைக் காலம். வழக்கம்போல ரோடு நெடுக கொள்ளுக்கொடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் கொள்ளு தானாக உதிர்ந்துவிடும். நாங்களும் ஏறிப் போனோம். கையில் கொடி வாரும் கவைக்கோலோடு குள்ளம்மாள் குறுக்கே வந்து வண்டியை மறித்தார்.

"ஏண்டி சுகுணா, ஊரு வண்டியெல்லாம் என் கொடிய மிதிச்சுட்டுப் போவுது. உன் வண்டி மட்டும் வாரிட்டுப் போவுதே! வூட்ல மாட்டுக்குப் போடறியா?"

"ஆமா அத்த, உங்க ஒரு பிடி கொடியிலதான் என் மாடு பாலு கறக்குது!"

"சிரிக்காதடி. நேத்தும் பாத்தேன், வாலு மாதிரி தொங்கிட்டுப் போச்சு."

அக்கா சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பிரேக்கை ஒரே மிதி.

"என் வண்டி மட்டும்னு சொன்னாங்கல்ல?"

இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். நானும் நுழைந்தேன். புகைக் குழாயின் மேல் ஒரு தகரம் இருக்கும், சூடு மற்ற இடத்துக்குப் பரவாமல் தடுக்க. அதில் ஒரு போல்ட் விழுந்து, தகரத்தின் முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அதில் கொள்ளுக்கொடி சுற்றியிருந்தது. கொடியோடு சென்சாரின் ஒயரும் சுற்றிக்கொண்டு, இழுபட்டு, இணைப்பிலிருந்து பாதி கழன்று தொங்கியது. கொடி உதிர்ந்தால் இழுப்பு விட்டு இணைப்பு ஒட்டிக்கொள்ளும், விளக்கு அணையும். திரும்பக் கொடி மாட்டினால் திரும்ப எரியும். இவ்வளவுதான்! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அக்கா கத்தவில்லை. குழாயோடு ஒட்டியிருந்த கொடியைத் தொட்டார். விரலில் கரி. பழைய கொடிகள் கருகிப் பொடியாகியிருந்தன.

"தம்பி... தீப் புடிச்சிருந்தா? மாமா உள்ள படுத்திருப்பாரே" என்றார். அந்தச் சின்ன விளக்கு எதற்காகக் கத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

கிருஷ்ணப்பன் வந்து குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எந்த வண்டி வந்தாலும் முதலில் வாட்டர் சர்வீஸ், பிறகுதான் வேலை என்பது அவர் பட்டறை வழக்கம். "கொடி, கரி எல்லாத்தையும் நானே கழுவி வுட்டுட்டு, அப்புறம் அடியில தேடியிருக்கேன் பாரு!" என்றார். தகரத்தை நிமிர்த்திப் புது போல்ட் போட்டு, ஒயரை மேலே தூக்கிக் கட்டினார்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா நினைக்கவில்லை. கொக்கி இல்லாவிட்டாலும் காய்ந்த கொடி காய்ந்த கொடிதானே? நேராகக் குள்ளம்மாளிடம் போய் அந்தக் கரியைக் கையில் வைத்துக் காட்டினார்.

"செவ்வா, வெள்ளி மட்டும், நான் வர்ற நேரத்துக்கு ஒரு பக்கம் வழி வுடுங்க அத்த. ராஜாமணி மாமா வர்றாரு."

குள்ளம்மாள் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ரோடு என்ன எங்கப்பன் வூட்டுதா, வழி வுடமாட்டேன்னு சொல்ல?"

வெள்ளிக்கிழமை காலை ரேவதி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், முகம் இறுகி, மீட்டரையே பார்த்தபடி. பின்னால் மாமாவும் நானும். அந்த இடம் வந்தது. அக்கா ஹாரன் அடித்தார்.

என்ன சொல்வேன்! குள்ளம்மாள் மட்டும்தான் ஒதுக்குவார் என்று நினைத்திருந்தேன். ரோட்டின் அந்த முனை வரைக்கும், யார் யார் கொடி போட்டிருந்தார்களோ அத்தனை பேரும் கவைக்கோலோடு நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கொடியை வாரி ஒதுக்க ஒதுக்க, எங்களுக்கு முன்னால் கறுப்புத் தார் ரோடு தெரிந்துகொண்டே போனது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டி, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குள்ளம்மாள் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார். "ஒன்னும் மாட்டல, போ!"

"அப்பா, இவங்கெல்லாம் யாரு?" என்று ரேவதி திரும்பிக் கேட்டார்.

மாமா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மதியம் திரும்பி வரும்போதும் விளக்கு எரியவில்லை. மறுநாள் அக்காவின் வேனிலேயே ரேவதி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஓசூர் பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினார்.