கடம்பா ஆஸ்பத்திரி

நெட்டுக்குப்பத்தில் சாலமோனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். தூண்டிலில் வந்த கடம்பாவைக் கையில் எடுத்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, "போம்மா, போய்ப் பெத்துட்டு வா" என்று கடலுக்கே திருப்பி அனுப்புகிற ஆளைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஐம்பத்திரண்டு வயசு, ஒரு ஃபைபர் படகு, கொஞ்சம் வாய்த்துடுக்கு, கடம்பாவின் மேல் தீராத பைத்தியம். ஓட்டல்காரர்கள் வளையம் வளையமாக நறுக்கிப் பொரித்து வைக்கிறார்களே, அந்தக் கணவாய் ஜாதி ஜந்துதான் கடம்பா.

பைத்தியத்துக்கு விதை போட்டது மகிழினி. வாரத்துக்கு ஒரு நாள் காசிமேடு ஏலத்தளத்தில் அளவுப் பலகையோடு உட்கார்ந்து கடம்பாவை அளந்து எழுதுகிற ஆராய்ச்சிக்காரப் பெண். அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது, கடம்பாவுக்கு ஆயுசே ஏறக்குறைய ஒரு வருஷம்தான் என்று. கடலடியில் எதையாவது பார்த்து, வெள்ளை வெள்ளையாய் விரல் மாதிரி முட்டைக் கொத்துகளை ஒட்டிவைத்துவிட்டுச் செத்துப்போகும். பிள்ளை முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத தாய். வஞ்சிரம் என்றால் இந்த வருஷக் குஞ்சு அழிந்தாலும் போன வருஷத்து மீன் கடலில் இருக்கும். கடம்பாவில் மிச்சம் என்று ஒன்றும் கிடையாது. இந்த வருஷத்து முட்டை போனால் அடுத்த வருஷம் வெறும் தண்ணீர்தான்.

அந்த முட்டை இருக்கும் இடம் சாலமோனுக்குத் தெரியும். எப்போதோ முழுகிப்போன ஒரு பழைய பார்ஜ், சரக்கு ஏற்றுகிற தட்டைக் கப்பல். கடலில் நின்று கரையைப் பார்த்தால் அனல்மின் நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகளும் ஒன்றை ஒன்று மறைத்து ஒற்றைக் குழாயாகத் தெரியவேண்டும். வலப்பக்கம் துறைமுகத்துக் கிரேன், தண்ணீர்த் தொட்டியின் தலையில் உட்கார்ந்த மாதிரி இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்தால் கீழே பார்ஜ்.

இந்த அடையாளம் தெரிந்த இன்னொரு ஆள் ஜோபின். சாலமோனின் பெண்டாட்டிக்குத் தம்பி. பத்தொன்பது வருஷமாக அதே படகில் முன்பக்கம் உட்கார்ந்து வருகிறவன். அந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தவனும் அவன்தான்; அந்தப் பெயரும் அவர்கள் ரெண்டு பேருக்குள்தான். தை, மாசியில் அங்கே கடம்பா கூட்டமாகப் பிரசவத்துக்கு வரும். அரசாங்கத்தின் மீன்பிடித் தடையோ சித்திரையில்தான் தொடங்கும். அதனால் இருவரும் தங்களுக்குள் ஒரு தடை போட்டுக்கொண்டார்கள்: அந்த இரண்டு மாசம் ஆஸ்பத்திரியில் தூண்டில் கிடையாது, வலை கிடையாது, நங்கூரம்கூடக் கிடையாது.

போன வருஷம் மகிழினி அந்த இடத்தைக் கேட்டாள். கரைக்கு அவ்வளவு கிட்டே லாஞ்சுகள், அந்தப் பெரிய விசைப்படகுகள், வலை இழுக்கக் கூடாதுதான், ஆனால் யார் கேட்கிறார்கள்? சுற்றிலும் சிமெண்ட் கல் இறக்கிவிட்டால் இழுவலை கிழிந்துவிடும், ஒருத்தனும் வரமாட்டான் என்றாள். சாலமோன் சொல்லவில்லை. ஆபீஸில் சொன்னது ஊருக்கே சொன்ன மாதிரி. எங்கள் ரெண்டு பேர் வாய்தான் பத்திரம் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினான்.

இந்த மாசியில் ஒரு காலை. ஜோபின் நாலு நாளாகக் காய்ச்சல் என்று படகுக்கு வரவில்லை. சாலமோனே மாத்திரை வாங்கிப்போய் அவன் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்திருந்தான். காசிமேட்டில் ஒரு லாஞ்சிலிருந்து கடம்பாவைக் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பெரிய கடம்பா. நடுநடுவே பிய்ந்துபோன வெள்ளை விரல்கள், முட்டைகள். சாலமோன் ஒரு கொத்தைக் கையில் எடுத்தான்.

"எங்க புட்சீங்க?" என்று கேட்டான் சாலமோன்.

"ஆஸ்பத்திரில," என்றான் கூடை தூக்குகிறவன்.

சாலமோன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். காய்ச்சல் முற்றி ஜோபினைச் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது, இவன் அதைச் சொல்ல வருகிறான் என்றுதான் நினைத்தான்.

"எந்த ஆஸ்பத்திரி? ஜோபினுக்கு இன்னா ஆச்சு?"

கூடைக்காரன் சிரித்துவிட்டான். "அவருக்கு இன்னா, நல்லாதான் கீறாரு. கேபின்ல தூங்கினு கீறாரு பாரு. நம்ம லாஞ்சுக்கு அவர்தான் இப்ப டிரைவரு. ஆஸ்பத்திரின்றது எடத்துப் பேரு நைனா. ரெண்டு குழாவும் ஒண்ணாத் தெரிஞ்சா ஆஸ்பத்திரி. அவர்தான் காட்னாரு."

சாலமோன் கையிலிருந்த முட்டைக் கொத்தைக் கீழே வைக்கவில்லை. முட்டை போனது ஒரு வலி. அந்தப் பெயரை முன்பின் தெரியாத ஒருத்தன் வாயில் கேட்டது அதைவிடப் பெரிய வலி.

சத்தம் கேட்டு ஜோபின் எழுந்து வந்தான்.

"காய்ச்சல் எப்டி கீது மச்சான்?" என்றான் சாலமோன்.

ஜோபின் லாஞ்சின் ஓரத்துக்கு வந்து நின்றான். "எத்தினி வருசம் மாமா உன் படகுல முன்னாடி குந்தினு வர்றது? லாஞ்சு மொதலாளி டிரைவர் வேலை சொம்மா குடுப்பானா? நல்ல எடம் ஒண்ணு காட்டுன்னான், காட்னேன்." பிறகு குரல் ஏறியது. "ஆஸ்பத்திரி இன்னா உன் வூட்டுதா? எல்லாருக்கும் பொதுதான?"

"பொதுதான். பொது ஆஸ்பத்திரில பிரசவ வார்டுல பூந்து வலை போடுவாங்களா மச்சான்?"

 ஜோபின் கேபினுக்குள் போய்விட்டான். கூடைகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

சாலமோன் ஏலத்தளத்தின் மறுகோடிக்கு நடந்தான். மகிழினி அளந்துகொண்டிருந்தாள். முட்டைக் கொத்தை அவள் பலகையின் மேல் வைத்தான். "போன வருசம் கேட்டியே, எழுதிக்கம்மா," என்று புகைபோக்கி, கிரேன், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். "மிச்சம் ஏதாச்சும் கீதோ இல்லையோ, தெரில. கல்லு போடறதுன்னா சீக்கிரம் போட சொல்லு."

அவள் படிவத்தில் மளமளவென்று எழுதினாள். ஒரு கட்டத்தில் பேனா நின்றது. "இடத்தோட பேருன்னு ஒரு கட்டம் இருக்குண்ணே. நீங்க என்னன்னு சொல்வீங்க?"

சாலமோன் லாஞ்சின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பேரு இல்லம்மா," என்றான். "அந்தக் கட்டத்த சும்மா வுட்று."