காப்புக் கட்டிய கை

மாதன் எட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தான். அதன்பிறகு இருபது வருஷம் ஊரில் 'ஓடி வந்தவன்' என்ற பெயரோடு இருந்தான். இரண்டையும் ஒரே மாதிரி, வாய் திறக்காமல்தான் செய்தான்.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் நாற்பது வீடு தேறாத ஊர் அது. அதற்கு ஊர்க் கவுண்டர் கருப்பண்ணன். நாட்டை ஆள்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு நெஞ்சு நிமிர்ந்திருக்காது.

மாரியம்மன் நோன்புக்கு ஆண்கள் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அந்தக் காப்பை அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது. பட்டாளத்தில் எட்டாவது வருஷம் லீவில் வந்திருந்த மாதனும் கையை நீட்டினான். லீவுக்குள் நோன்பு முடிந்துவிடும் என்று நினைத்தான். நடுவில் ஒரு சாவு விழுந்தது. தீட்டு கழியட்டும் என்று நோன்பைத் தள்ளி வைத்தார்கள். கழிவதற்குள் இன்னொரு சாவு. லீவும் தீர்ந்தது. காப்பை மட்டும் கவுண்டர் அவிழ்க்கவிடவில்லை.

"அவுத்துப் போட்டுட்டுப் போனீன்னா அடுத்த சாவு உன்னாலதான்டா" என்றார்.

துப்பாக்கிக்குப் பயப்படாதவன் இந்தச் சொல்லுக்குப் பயந்தான். அதே நாட்களில் கவுண்டர் மகன் சுபாஷ் கையில் காப்போடும் மிளகு மூட்டையோடும் சேந்தமங்கலம் போய்த் தங்கி, சினிமாவும் பார்த்துவிட்டு வந்தான். வியாபாரம் என்றால் அம்மன் கண்டுகொள்ள மாட்டாளாம்.

நோன்பு முடிந்து மாதன் முகாமுக்குப் போய் நின்றபோது, தப்பி ஓடியவன் என்று எழுதி முடித்திருந்தார்கள். அவன் சொன்ன மாரியம்மன் கதை அங்கே யாருக்கும் விளங்கவில்லை. சில மாதம் சிறை, பிறகு பதவி நீக்கம். ஊருக்கு வந்த பின்தான் இருசாயி அவனைக் கட்டிக்கொண்டாள். பென்ஷனுக்காகக் கட்டினாள் என்று யாரும் சொல்ல முடியாது.

இருபது வருஷம் பொறுத்தவனைக் கிளப்பிவிட்டது ஒரு சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற மாதனைக் கூப்பிடலாம் என்றார் புதிதாக வந்த தலைமையாசிரியர். பிள்ளைகள் வரிசையில் நிற்க, கவுண்டர் சிரித்தார். "ஏனுங் சார், ஓடி வந்தவனா கொடி ஏத்தறது?" என்று தானே கயிற்றை இழுத்தார். கொடி பாதியில் சிக்கி நின்றது வேறு விஷயம்.

மறுநாளே மாதன் நாமக்கல்லில் முரளி என்ற வக்கீலைப் பார்த்தான். பணம் வேண்டாம், நீக்கம் என்பதை விடுவிப்பு என்று மாற்றி, ஓடியவன் என்ற சொல்லை எடுத்தால் போதும் என்றான். ஊரே காப்புக் கட்டி நிறுத்தியது என்று ஊர்க் கவுண்டர் சொன்னால் வழக்கு நிற்கும் என்றார் முரளி. கவுண்டரோ தன்மேல் கேஸ் வந்துவிடும் என்று நடுங்கினார். "காப்பாவது ஒண்ணாவது. நாங்க யாரையும் நிறுத்தறதில்லீங்க" என்று வக்கீலிடம் சாதித்துவிட்டார்.

சென்னையில் விசாரணைக்கு நாள் குறித்தபோது ஊரில் மறுபடி நோன்பு. கோயில் முன்னால் எல்லோரும் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மாதன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். கவுண்டருக்குக் கட்டி முடித்ததும் இருசாயி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"மாமா, வக்கீலு பேசறாருங்க."

"ஐயா, அடுத்த வாரம் சென்னைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகணும்" என்றார் முரளி.

ஊரே பார்க்கிறது. கவுண்டருக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"அதெப்படிங்க? காப்புக் கட்டியாச்சு. கலெக்டரே கூப்பிட்டாலும் எல்லை தாண்டி ஒரு ராத்திரி தங்க மாட்டேன். தங்குனா ஊருக்கே ஆகாதுங்க."

"அப்ப பட்டாளத்துக்காரன் கையில கட்டுனது என்னங்க மாமா, வெறுங் கயிறுங்களா?" என்றாள் இருசாயி.

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்பச் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா. நீங்க வரவே வேண்டாம்" என்றது போன்.

கவுண்டர் கூட்டத்தைப் பார்த்தார். காப்பு யாரையும் நிறுத்தாது என்று இங்கே சொல்லிவிட்டால், மறுநாள் காலை பஸ்ஸில் பாதி ஊர் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடும்.

"வியாபாரத்துக்குப் போலாம்னு அதுல சேத்துக்கட்டுமாப்பா?" என்று சுபாஷ் உதவிக்கு வந்தான்.

"நீ வாய மூடு" என்று மகன்மேல் பாய்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் மாதன் காப்பில்லாத கையோடு சென்னைக்குப் பஸ் ஏறினான். அந்த நோன்பில் யாரும் சாகவில்லை.

அடுத்த ஆடியில் தீர்ப்பு வந்தது. நீக்கம் போய் விடுவிப்பு. சுதந்திர தினத்துக்கு முதல் நாள் மாதனும் இருசாயியும் களை கொத்திக்கொண்டிருந்த சாமைக் காட்டுக்குக் கவுண்டரே நடந்து வந்தார்.

"மாதா, நாளைக்குக் கொடிய நீயே ஏத்திரு சாமி. நம்ம ஊருப் பட்டாளத்துக்காரன் வேற யாரு இருக்கா?"

மாதன் களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"போன வருசம் புள்ளைங்க முன்னால ஒண்ணு சொன்னீங்க. அதே எடத்துல நின்னு, அது பொய்யின்னு சொல்லுங்க. அப்பறம் வாரேன்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப…"

மாதன் அடுத்த சாலுக்கு நகர்ந்தான். கவுண்டர் வரப்பிலிருந்து இறங்கி அவன் பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தார்.

"மாமா, மிதிச்சுட்டு நிக்கறது சாமைப் பயிருங்க" என்றாள் இருசாயி.