ஈய வெள்ளை

நான் காவல் இருக்கும் ஓவியக்கூட அறையில், நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சீமாட்டி சுவரில் தொங்குகிறாள். சுண்ணாம்பு அடித்த முகம். அவளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களைத் தவிர என்னோடு யாரும் பேசுவதில்லை.

தினமும் பதினொரு மணிக்கு வழிகாட்டிப் பெண் ஒரு கூட்டத்தோடு வருவாள். வெயிலில் வேலை செய்யாத குடும்பம் என்று காட்ட, அந்தக் காலத்துச் சீமாட்டிகள் ஈயத்தையும் வினாகிரிக் காடியையும் கொண்டு செய்த வெள்ளையைப் பூசினார்களாம். அது தோலை அரிக்க, அரித்த இடத்தை மறைக்க இன்னும் தடிப்பாகப் பூசினார்களாம். கூட்டம் முகத்தைச் சுளிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் என்ன அதிசயம்?

கலியாணம் பேச லண்டனுக்கு அனுப்பிய என் படத்தை யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்காரர் நன்றாக வெளுப்பாக்கிக் கொடுத்திருந்தார். லண்டன் விமான நிலையத்தில் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, என்னைக் கட்ட இருந்தவர் என்னைத் தாண்டிப் போனார். நான்தான் பின்னால் போய்க் கூப்பிட்டேன்.

"படத்திலை வேறை மாதிரி இருந்தீர்," என்றார். கோபம் இல்லை, ஏமாற்றம்தான்.

கலியாணத்துக்கு மறுநாளிலிருந்து அவர் எழும்ப முன்னமே எழும்பிப் பூசத் தொடங்கினேன். ரெய்னர்ஸ் லேன் கடையில் வாங்கிய வெளுப்புக் கிரீம், அதன்மேல் பவுண்டேஷன், அதன்மேல் பவுடர். இருபத்திரண்டு வருஷம். பூசச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கிரீம் கன்னத்தைக் கறுப்பாக்கியது. இன்னும் தடிப்பாகப் பூசினேன்.

போன வருஷம் ஒரு காலை அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பூச நேரமில்லை. கழுவிய முகத்தோடு ஆம்புலன்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"என்ரை மனிசி வரேல்லையோ?"

"நான்தானப்பா."

அவர் கண் வாசலுக்குப் போனது. மருந்து மயக்கம் என்றாள் தாதி. கழிப்பறைக்குப் போய், கைப்பையில் கிடந்த பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தேன்.

"வந்திட்டீரே," என்று கையைப் பிடித்தார். பின்னேரம் உயிர் போய்விட்டது.

இப்போது வீட்டில் பார்க்க ஆளில்லை. தனிமை என்னைத் தின்கிறது. ஒருநாள் பூசாமல் வேலைக்குப் போனேன். வழிகாட்டிப் பெண் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் திரும்பவும் பூசினேன். அவர் கையைப் பிடித்தது, கண்ணாடியில் பூச்சோடு தெரிந்த இவளைத்தான். இவளையும் கழுவிவிட்டால், அவருக்குத் தெரிந்த ஒருத்திகூட அந்த வீட்டில் இருக்கமாட்டாள்.