இரண்டு இழுப்பு

தாம்பரத்தில் இரண்டாம் மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆள் நான். கோவளத்தில் ஸ்கூபா கற்றுக்கொண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவியின் தம்பிக்கும் அதே கிறுக்கு. ஞாயிறு காலை மூன்று பேரும் வண்டலூர் வழியாக முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு நண்டு பிடிக்கக் கிளம்பிவிடுவோம். மனைவி கரையில் உட்கார்ந்து, நூலில் கோழிக்காலைக் கட்டித் தண்ணீரில் விட்டுக் காத்திருப்பாள். நாங்கள் இருவரும் சிலிண்டரோடு அடியில் போய்க் கையாலேயே பிடிப்போம்.

அந்தத் தண்ணீரில் நீட்டிய கை தெரியாது. அதனால் இருவர் மணிக்கட்டையும் ஒரே கயிற்றால் கட்டிக்கொள்வோம். ஒரு முறை இழுத்தால் ‘இருக்கியா?’ பதிலுக்கு இரண்டு வந்தால் ‘நல்லா இருக்கேன்.’ மூன்று என்றால் ‘மேலே போகலாம்’. அதற்கு மூன்றுதான் பதில்.

அன்று கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. சேறு கலங்கி எல்லாம் காப்பி நிறம். இழுத்தேன். இரண்டு வந்தது. நிம்மதியாக நண்டைத் தேடினேன். காற்று குறைந்ததும் மூன்று முறை இழுத்தேன். இரண்டு வந்தது. மறுபடி மூன்று. மறுபடியும் அதே இரண்டு, அதே நிதானத்தில். மேலே போகலாம் என்றால் முதல் ஆளாகக் கிளம்புகிறவன் அவன். எனக்கே காற்று குறைவு. பெரிய பெரிய மூச்சாக இழுக்கும் அவனுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? 

கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு கால் தட்டுப்பட்டது. யாரோ விட்டுப்போன பழைய வலையில் இரண்டு கையும் சிக்கிக் கிடந்தான். கயிறு அவன் கையில் இல்லை. அவனைத் தாண்டி இருட்டுக்குள் போயிருந்தது. வலையை அறுத்தேன், என் கையிலிருந்த கயிற்றையும் அறுத்தேன்.

கரையில் இருமி முடித்ததும் சொன்னான்: “மாமா, கயிறு முதல்லயே கழண்டுடுச்சு. நான் ஒரு தடவகூட இழுக்கல.”

“அப்போ ரெண்டு ரெண்டா இழுத்தது?” என்றவன், அவன் முகத்தைப் பார்த்ததும், “நண்டாத்தான் இருக்கும்டா” என்றேன்.

தம்பியைக் கட்டிக்கொண்டு அழுத மனைவி, கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் நூலைச் சுருட்டப் போனாள். பாதியில் நின்றாள்.

“ஏங்க, இதுலயும் இழுக்குது. ரெண்டு ரெண்டா.”

நண்டுதான். வேறென்ன இருக்கப்போகிறது? ஆனால் எடுத்துப் பார்க்க மூன்று பேரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நூலை அறுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.