மேகம் என்று நினைத்தது

எனக்கு வடிவாக எழுத வராது, அதற்கு முதலில் மன்னிக்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று அடுப்பில் வைத்ததை இன்று மறக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முந்தியது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் கோயில் திருவிழா, கலியாணம், கனடாவில் பார்த்த முதல் பனி என்று எழுதியிருப்பீர்கள். நான் எழுதப்போவது நோர்வே நாட்டுக் கடற்படைக் கப்பல்களைப் பற்றி. சிரிக்கவேண்டாம். அந்த நாட்டை நான் கண்ணால் கண்டதில்லை.

என் தங்கச்சி அங்கே இருக்கிறாள். அவளுடைய மகன், எனக்குப் பெறாமகன், அந்த நாட்டுக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மின்சார வேலை பார்க்கிறான். அவன் அதில் சேர்ந்த செய்தியைத் தங்கச்சி சொன்ன அன்று நான் சட்டென்று போனை வைத்துவிட்டேன். அவள் திரும்ப எடுத்து, "அக்கா, இது இஞ்சத்தை நேவி அக்கா, அந்த நேவி இல்லை" என்றாள். எங்கள் ஊர்க் கடலில் நின்ற நேவி வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் காது அப்படிப் பிரித்துக் கேட்கப் பழகவில்லை.

போன கோடையில் இங்கே கனடாவில், விட்பியில் ஒரு கலியாணத்துக்கு வந்தவன், ஒரு கிழமை ரூஜில் எங்கள் வீட்டில் நின்றான். நான் மகளோடு இருக்கிறேன். வந்தவன் நல்ல உயரம். நிலக்கீழ் அறைக்கு இறங்கும் படியில் இரண்டு தரம் தலையை அடித்துக்கொண்டான்.

"உந்த உயரத்தோடை எப்பிடி ராசா நீர்மூழ்கிக்குள்ளை நுழையிறனீ?"

"மடிச்சுத்தான் பெரியம்மா."

"சாப்பாடு?"

"மீன் தருவினம். வெள்ளையா அவிச்சு."

"அவிச்ச மீனைத் தின்னவோ கடலுக்கடியிலை போனனீ?" என்று நான் கேட்க, மகள் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்திவிட்டாள். நான் பொதுவாக அப்படிக் கதைக்கிறவள் இல்லை. அவன் முகத்தில் என் தம்பியின் சாடை இருந்தது. அதனால்தான் வாய் திறந்திருக்கவேண்டும்.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களுக்கு ஒரே ஆண் சகோதரம். கடற்றொழில் செய்தவன். ஒரு நாள் காலையில் வள்ளத்தில் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அதனால் செத்தவர்களுக்குச் செய்கிற எட்டுச் செலவும் நாங்கள் அவனுக்குச் செய்யவில்லை, அந்தியேட்டியும் செய்யவில்லை. அம்மா சாகும்வரை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா.

பெறாமகன் வந்து மூன்றாம் நாள், சாப்பிட்ட கை காயமுன்னம், மெல்ல விஷயத்துக்கு வந்தான். மனைவிக்கு ஆறு மாதம். ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டார்களாம்.

"மாமாவின்ரை பேரை வைக்க ஆசை பெரியம்மா. அம்மா சொன்னா, அக்காதான் மூத்தவ, அவ ஓம் எண்டால்தான் வைக்கலாம் எண்டு."

நான் கோப்பைகளை அடுக்கினேன்.

"எனக்கே வைக்கப் பார்த்தவையாம். நீங்கள்தான் விடேல்லையாம்."

அது உண்மை. அவன் பிறந்தபோது நான் போனில் கத்தியிருக்கிறேன், காணாமல் போனவனுடைய பெயரைப் பிள்ளைக்கு வைக்காதே என்று. ஒருவனுடைய பெயரை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுப்பது என்றால், முதல் ஆளுக்கு இனி அது தேவையில்லை என்று சொல்வதுதானே? அதோடு, அற்பாயுளில் போனவர்களின் பெயரை எங்கள் பக்கம் வைப்பதும் இல்லை. எல்லோருக்கும் நான் சொன்ன காரணம் இவ்வளவுதான். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது.

அவன் விடவில்லை. போனில் கப்பல் படங்களைக் காட்டத் தொடங்கினான். பழைய இரும்புக் கப்பல்கள் இரண்டு. உலக யுத்தத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த விடியலில், வடக்கே ஒரு துறைமுகத்தில் அடிபட்டுத் தாண்டு, கடலடிக்குப் போனவை. அதில் ஒன்றுக்கு அந்த நாட்டின் பெயரையே வைத்திருந்தார்களாம். பிறகு புதிய கப்பல்கள். எல்லாம் சாம்பல் நிறம். நான் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு படத்தில் கடலும் பாறையும் மட்டும்தான் தெரிந்தது.

"இதுக்குள்ளை ஒரு போர்க்கப்பல் நிக்குது. கண்டுபிடியுங்கோ பாப்பம்."

மகள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், பெருப்பித்தும் பார்த்தாள், பிடிபடவில்லை. நான் விரலை வைத்தேன். பாறை மாதிரியே பச்சையும் சாம்பலுமாய்த் துண்டு துண்டாக நிறம் அடித்திருந்தது.

"ஆ! பெரியம்மாவுக்கு நல்ல கண்" என்றான்.

அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

பிறகு அவன் ஒரு கதை சொன்னான். "எங்கடை பழைய நீர்மூழ்கி ஒண்டு பெரியம்மா. யுத்த நேரம் போனது, வரேல்லை. எங்கை தாண்டதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாப்பது வருசத்துக்கு மேலை. பிறகு கடலுக்கடியிலை கண்டுபிடிச்சவை. அதுக்குப் பிறகு வந்த புது நீர்மூழ்கி ஒண்டுக்கு அதே பேரை வைச்சவை. பயமில்லாதது எண்டு கருத்து. இப்பவும் ஓடுது. நான் அதுக்குள்ளை நிண்டு வேலை செய்தனான்."

"பயமா இருக்கேல்லையே?"

"முதல் நாள் இருந்தது. பிறகு யோசிச்சன், பேர் வைக்காட்டில் அந்தப் பழைய ஆக்களை ஆர் நினைக்கப்போகினம் எண்டு."

நான் சொன்னேன்: "அவை முதல் கண்டுபிடிச்சவை. பிறகுதான் பேர் வைச்சவை. நாங்கள் எங்கை ராசா கண்டுபிடிச்சம்?"

அவன் எழும்பிப் போய்த் தன் கோப்பையைக் கழுவினான்.

அடுத்த நாள் பின்னேரம் மகள் எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடம். கடல் மாதிரித்தான் இருக்கும், உப்பு மணம் மட்டும் இல்லை. நான் அங்கே போனால் தண்ணீருக்கு முதுகைக் காட்டி இருப்பேன். ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று அவன் கதிரையை மாற்றிப் போட்டுவிட்டான், எனக்குத் தெரியாமல். இருந்து நிமிர்ந்தேன். தண்ணீரும் வானமும் தொடுகிற இடத்தில் சாம்பலாக ஒரு கோடு.

"கப்பல்!" என்று எழும்பிவிட்டேன். கை சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் அவனிடம் சொன்னாள்: "டோன்ட் வொறி. அம்மாவுக்கு மேகமும் நேவிதான்."

அது தம்பியின் வாக்கியம். அக்கா என்ற இடத்தில் அம்மா, மற்றபடி ஒரு எழுத்துப் பிசகில்லை. அவன் அதை எனக்குச் சொன்ன காலத்தில் மகள் பால்குடி. நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வாயிலிருந்து அவன் பேசினது மாதிரி இருந்தது. என் முதுகுக்குப் பின்னால், இடுப்பில் ஈரச் சாரத்தோடு அவன் நிற்கிறான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பெறாமகன் போனில் எதையோ தட்டிப் பார்த்தான். "இந்தப் பக்கம் கப்பல் ஒண்டும் இல்லை பெரியம்மா. மேகம்தான். ஏன் எழும்பினீங்கள்? இருங்கோ."

அங்கே, அந்த மடக்குக் கதிரையில் இருந்துகொண்டுதான் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவை.

அப்போது ஊரில், கரையில் நான் மீன் காயப்போடுகிறவள். நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடிதான் வேலை. கரையை விட்டுத் தூரப் போகக்கூடாது என்று கடற்படையின் தடை இருந்த சண்டைக் காலம், போனால்தான் மீன். அதனால் எங்கள் வளவில் ஒரு ஏற்பாடு இருந்தது. தூரத்தில் கடற்படைக் கப்பல் தெரிந்தால், நான் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் என் சிவப்புச் சேலையைப் போடவேண்டும். தொழிலுக்குப் போனவர்கள் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். சிவப்புத் தெரிந்தால் வலையை இழுத்துக்கொண்டு வந்துவிடவேண்டும். என் கண்ணை நம்பித்தான் போனார்கள்.

தம்பி காணாமல் போன நாளுக்கு ஒரு கிழமைக்கு முதல், மேகத்தைக் கப்பல் என்று நினைத்துச் சேலையைப் போட்டுவிட்டேன். தொழிலுக்குப் போன மூன்று வள்ளமும் வெறும் வலையோடு திரும்பி வந்தன. கரை முழுக்கப் பகிடி. தம்பிதான் கூட. "அக்காவுக்கு மேகமும் நேவிதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் வெட்கம் கூடினவள். இரண்டு நாள் கிணற்றடிக்குக்கூடப் போகவில்லை.

அதற்கு அடுத்த கிழமை, காலை பத்து மணி இருக்கும், அதே இடத்தில் ஒரு சாம்பல் கோடு. பார்த்தேன். சேலை வாளிக்குள் அலசின ஈரத்தோடு கிடந்தது. குனிந்து தொட்டும்விட்டேன். பிறகு நினைத்தேன், மேகம்தான், திரும்பவும் சிரிப்பார்கள் என்று. மீனைப் பிரட்டிப் போட்டேன். ஒரு பாய் மீன் பிரட்டி முடியவில்லை, கடலில் வெடிச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஓடிப்போய்ச் சேலையைப் போட்டேன். மூன்றில் இரண்டு வள்ளம்தான் வந்தது. மூன்று நாள் அந்தச் சேலையைக் கயிற்றிலிருந்து ஒருவரையும் எடுக்க நான் விடவில்லை. அம்மா பலதரம் கேட்டா, "அண்டைக்குக் கடலிலை ஒண்டும் தெரியேல்லையோடி?" என்று. "இல்லை அம்மா" என்றேன். சாகக் கிடந்தபோதும் கேட்டா. அப்போதும் அதையே சொன்னேன்.

மகள் என் காலடியில் மணலில் இருந்துவிட்டாள். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ பகிடி பண்ணுவாய் எண்டு" என்றேன். அவள் முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெறாமகன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சில வருசத்துக்கு முதல் எங்கடை பெரிய கப்பல் ஒண்டு எண்ணெய்க் கப்பலோடை முட்டித் தாண்டது பெரியம்மா. நல்லகாலம், ஆக்கள் எல்லாரும் தப்பினவை. அதிலை ராடர் இருந்தது. படிச்ச ஆக்கள் காவலுக்கு நிண்டவை. எண்டாலும் முன்னாலை வெளிச்சத்தோடை தெரிஞ்ச எண்ணெய்க் கப்பலை, கரையோடை அசையாமல் நிக்கிற ஏதோ எண்டு நினைச்சிட்டினம். உங்களிட்டை இருந்தது ரெண்டு கண்ணும் ஒரு சேலையும்."

நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"உந்தச் சாம்பல் நிறமும் சும்மா பூசுறேல்லை. தூரத்திலை நிண்டு பாக்கிறவைக்கு மேகம், புகார் மூட்டம் எண்டு தெரியவேணும் எண்டுதான் கலக்கிறது. நீங்கள் பிழையாப் பாக்கேல்லை. எப்பிடிப் பாக்கவேணும் எண்டு பூசினவை நினைச்சினமோ, அப்பிடித்தான் பாத்தனீங்கள்."

அது ஆறுதலா, அதைவிடக் கொடுமையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, கனகாலத்துக்குப் பிறகு சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன்.

விமான நிலையத்தில், அவன் பெட்டியை இறக்கும்போது சொன்னேன்: "பேரை வை."

அவன் நம்பாமல் பார்த்தான்.

"கண்டுபிடிக்காமல்தான் வைக்கிறம். அதைப் பிள்ளைக்கு மறைக்காதை. வளர்ந்தாப் பிறகு சேலைக் கதையையும் சொல்லு. பெரியம்மா மேகம் எண்டு நினைச்சவ எண்டு சொல்லு."

"ஓம் பெரியம்மா. போட்டு வாறன்."

இலை உதிரும் காலத்தில் பிள்ளை பிறந்தான். போனில் முகத்தைக் காட்டினார்கள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ அக்கா" என்று தங்கச்சி அந்தப் பக்கத்தில் நின்று அழுகிறாள். என் வாய் திறக்கவில்லை. நாற்பது வருடமாக அந்தப் பெயரை நான் உரத்துச் சொன்னதில்லை. இரண்டாம் தரம் முயன்றேன், வந்தது. பிள்ளை கொட்டாவி விட்டான்.

அதோடு எல்லாம் தெளிந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். இப்போதும் ஏரிப்பக்கம் சாம்பலாக எது தெரிந்தாலும் என் கை சேலைத் தலைப்புக்குத்தான் போகிறது. மகள் இப்போது பகிடி பண்ணுவதில்லை, "எங்கையம்மா?" என்று கேட்டு, தானும் எழும்பிப் பார்க்கிறாள்.

மலருக்குப் பொறுப்பானவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோர்வேக் கப்பல்களைப் பற்றி நான் எழுதியதில் பிழை இருக்கும். பெறாமகன் சொன்னதில் பாதியை மறந்திருப்பேன். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்று. அந்தக் காலத்தில் எங்கள் வடக்குக் கரையில் இருந்தவர்கள், கடல் பழக்கம் உள்ளவர்கள் இதை வாசித்தால், இதையும் பார்த்துச் சொல்லவேண்டும். அப்போது எங்கள் கடலில் நின்ற கப்பல்களுக்கும் அந்தச் சாம்பல் நிறம்தானா? காலை பத்து மணி வெயிலில், கரையில் நிற்கிற ஒருத்திக்கு அது மேகம் மாதிரித் தெரியுமா? தெரியாது என்றாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.