டிஸ்க் இல்லாத மடிக்கணினியில் வந்த வரி

பேய், ஆவி ஒன்றையும் நம்புகிற ஆள் நானில்லை. வேலணையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன், எது பழுதானாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தே பிழைப்பு நடத்துகிறவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை.

மடத்துவெளியில் இருந்து மலர் அக்கா ஒரு மடிக்கணினியைத் துணிப்பையில் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோன அவருடைய மகன் நிரோவினுடையது. மகளின் படிப்புக்கு வேண்டும், ஆனால் சரியான மெதுவாம்.

"தம்பி, அவன்ரை ஒண்டையும் அழிச்சுப்போடாதையும்."

"ஓம் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றேன்.

போட்டவுடன் கிரப் மெனு வந்தது, அதுதான் லினக்ஸைத் திறப்பதா விண்டோஸைத் திறப்பதா என்று தொடக்கத்திலேயே கேட்கும் கறுப்புத் திரை. அதில் லினக்ஸின் பெயரை நிரோ மாற்றி, ஆங்கில எழுத்தில் 'நிரோ வந்திட்டன்' என்று வைத்திருந்தான். சிரித்துக்கொண்டேன். அவனுடைய படங்களையெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக எடுத்தபின், இடம் வேண்டுமென்று லினக்ஸை அழித்தேன், மெனுவையும் எடுத்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்து கதிரையில் இருந்து, தானே சுவிச்சை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரி எங்கை தம்பி?"

தினமும் காலையில் சமைக்கக் குசினிக்குள் போகமுன் அதைப் போட்டு, அந்த வரியை வாசித்துவிட்டு அணைப்பாராம். கணினியில் வேறொன்றும் அவருக்குத் தெரியாது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விட்டிட்டுப் போங்கோ அக்கா, திருப்பிக் கொண்டுவந்துவிடுறன்."

அடுத்த நாள் முற்பகல் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டி, அழித்ததை மீட்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த யோசனையிலேயே, வெறுமையாகக் கிடந்த மடிக்கணினியின் சுவிச்சைக் கைதவறி அழுத்திவிட்டேன். டிஸ்க் இல்லை என்றுதான் அது சொல்லியிருக்க வேண்டும். மெனு வந்தது. ஒரே ஒரு வரி.

'போயிட்டு வாறன் அம்மா.'

கவிழ்த்துப் பார்த்தேன், டிஸ்க் இருக்கும் குழி காலி. பென் டிரைவ் இல்லை, வயர் இல்லை. நிமிர்த்தினேன், வரி அப்படியே இருந்தது. படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள், போன் சட்டைப்பையில்தான் இருந்தது, கை போகவில்லை, அடுத்தவருக்கு வந்த சேதியைப் பார்த்துவிட்டவன் போலக் கூசிப்போனேன். வெளியே குறிகட்டுவான் பஸ் ஹோர்ன் அடித்தது. ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் வரி போய்விட்டது. பிறகு எத்தனை தரம் போட்டும் டிஸ்க் இல்லை என்றே சொன்னது.

டிஸ்க்கைப் பூட்டி, லினக்ஸைப் புதிதாக ஏற்றி, கிரப்பில் பழைய வரியை என் கையால் எழுதினேன். பின்னேரமே மடத்துவெளிக்குக் கொண்டுபோனேன்.

"இது அவன் எழுதினதுதானே தம்பி?"

"ஓம் அக்கா."

நான் கண்ட மற்ற வரியைச் சொல்லவில்லை. விடைபெற்றுவிட்டான் என்று எந்த வாயால் சொல்வது? அவருக்கு வந்ததை நானே வைத்துக்கொண்டு, என்னுடையதை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

போன கிழமை அக்கா போன் எடுத்தார், குரல் நல்ல சந்தோசம்.

"தம்பி, இப்ப அந்த வரியின்ரை கடைசியிலை அம்மா எண்டும் வருது. நீரே போட்டனீர்?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். நான் போடவில்லை. போய்ப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை.