கொதிக்கிற தண்ணீர்தானே

பள்ளிக்கரணையில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிக்கக் கேன் தண்ணீர். சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் துவைத்தால் வெள்ளை வேட்டி பழுப்பாகும், பக்கெட்டில் மஞ்சள் கறை ஏறும். ஆனாலும் கொதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினோம். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் குப்பைமேடு புகையும் நாட்களில் ஜன்னலைச் சாத்துவோம். அதோடு எங்கள் ஜாக்கிரதை முடிந்தது.

அக்காவுக்குக் கண் மஞ்சளானபோது காமாலைதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஸ்கேனில் பித்தப்பைப் புற்றுநோய் என்று வந்தது. கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு காரணத்தையும் கொண்டுவந்தார்கள். காலை டிபனை நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் என்றார் ஒருவர். எண்ணெய்ப் பலகாரம் என்றார் இன்னொருவர். படுத்திருப்பவளிடமே குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அடுத்த தடவை அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தண்ணீரும் புகையும் காரணமாக இருக்குமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். பித்தக்கல் இருந்தது ஒரு காரணமாகலாம் என்றார். கெட்டுப்போன தண்ணீரில் கலக்கும் உலோகங்கள் மேலும் சந்தேகம் உண்டு, அவை கொதிக்க வைத்தாலும் போகாது என்றார்.

"இருக்கலாம்மா. ஆனா இவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அந்த 'இருக்கலாம்' மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. யார் சட்டையைப் போய்ப் பிடிப்பது?

அக்காவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டில் அவள் மகள், வயிற்றுப் பிள்ளைக்காரி, அம்மாவுக்குக் கஞ்சி வைக்கக் குழாயடியில் பாத்திரத்தைப் பிடித்தாள்.

"கேன் தண்ணியில வை," என்றாள் அக்கா.

கொதிக்கிற தண்ணீர்தானே என்றாள் மகள். இத்தனை வருடமாக நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

"எனக்கு இனிமே எந்தத் தண்ணியா இருந்தா என்னடி? மிச்சத்த நீதான குடிக்கப் போற."

மகள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கேன் பக்கம் போனாள். கஞ்சி ஆறியதும் ஊட்டிவிட்டேன். அக்காவுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை மகள் அவள் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தாள். தம்ளர் காலியாகும்வரை அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.